புதுப்பிப்பு: பர்ப்பிள் ஃபிஞ்ச் இல்லை, ஹவுஸ் ஃபிஞ்ச்தான்

நியூ ஜெர்சியில் எங்கள் கொல்லைப்புற ஃபீடருக்கு, அதாவது பறவைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டிக்கு, பர்ப்பிள் ஃபிஞ்ச் என்ற சிறு பறவை ஜோடி வந்துவிட்டதாகப் போன வாரம் படத்தோடு குதித்திருந்தேன். சிலர் அப்போதே சந்தேகப்பட்டீர்கள். சரி, தோற்றேன். வந்தது அதைப் போலவே இருக்கும் ஹவுஸ் ஃபிஞ்ச்.

தலையின் சிவப்பை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டேன். சனிக்கிழமை பைனாகுலரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் ஆணின் வயிற்றோரம் பழுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. பர்ப்பிள் ஃபிஞ்ச் ஆணுக்கு அங்கே அப்படிக் கோடு இருக்காது. ராஸ்பெர்ரி சாற்றில் முக்கி எடுத்த மாதிரி முதுகு வரை நிறம் ஏறியிருக்கும். பெண்ணை அன்றே ஒழுங்காகப் பார்த்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. பர்ப்பிள் ஃபிஞ்ச் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைப் பட்டை உண்டு. நம்ம வீட்டுக்கு வருகிற அம்மணிக்கு முகம் வெறும் சாம்பல் பழுப்பு.

ஹவுஸ் ஃபிஞ்சுகள் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துப் பறவைகள். 1940 வாக்கில் கூண்டுப் பறவையாக விற்றவர்கள் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் திறந்துவிட்டதிலிருந்து கிழக்கெங்கும் பரவிவிட்டன.

அப்புறம் ஒரு கெட்ட சேதி. நேற்று வந்த ஒன்றுக்கு வலது கண் வீங்கி, பீளை கட்டி, பாதி மூடியிருந்தது. பக்கத்தில் போயும் பறக்கவில்லை. ஹவுஸ் ஃபிஞ்சுகளில் 1994இல் முதலில் தென்பட்ட, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் கண் நோயாக இருக்கலாம். ஃபீடரைக் கழற்றி, 9 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் கலந்து கழுவிக் காயவைத்திருக்கிறேன். நோய் மற்றவற்றுக்குப் பரவாமலிருக்க இரண்டு வாரத்துக்குத் தீனி கிடையாது. மற்றவை வெறும் கம்பியில் வந்து உட்கார்ந்து என் ஜன்னலையே பார்க்கின்றன.