கையில் கிடைத்ததை வைத்துச் செய்த எலும்பு ஆபரேஷன்: உங்கள் அனுபவம்?

தேய்ந்த_ஸ்குரூ
எலும்பு முறிவுக்குப் போட்ட பிளேட்டை எடுக்கிற கேஸ். எல்லா ஸ்குரூவும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதன் அறுகோணக் குழி தேய்ந்து டிரைவர் வழுக்குகிறது. உடைந்த ஸ்குரூ எடுக்கிற செட் கிடையாது. தலையை அரைத்தெடுத்தால் சதையெல்லாம் உலோகத்தூள். சீஃப் ட்ரில்லைக் கேட்கப் போகும்போது, சிஸ்டர் தையல் நூல் வந்த ஸ்டெரைல் அலுமினிய உறையில் துண்டு கிழித்து, இரண்டாய் மடித்துக் குழிமேல் வைத்தார். டிரைவரை அதன்மேல் அழுத்தித் திருப்பியதும் கிரீச் என்று ஒரு சத்தம், பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் நோட்ஸில் இதை ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தியேட்டர்_டெக்னீஷியன்
அது நல்லபடி முடிந்த கதை. நான் பார்த்தது வேறு. மரவேலைக்கான பேட்டரி ட்ரில்லுக்கு ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) துணி உறை போட்டுத் தொடை எலும்பில் துளை போட்டார்கள். பாதியில் சலைனும் ரத்தமும் ஊறி, ஈரத்துணி வழியாக ட்ரில்லின் மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிந்தது. ஊறிய துணி கிருமிக்குத் திறந்த கதவு. எனக்குக் கை ஓடவில்லை. அன்றிலிருந்து கடை ட்ரில் என்றாலே ஆகாது.

சிமென்ட்_வாத்தியார்
டெக்னீஷியன் சார், பழி ட்ரில் மேல் இல்லை, துணி மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவாகி உகாண்டாவில் பயன்பாட்டுக்கு வந்த உறை இதே கடை ட்ரில்லுக்குத்தான். ஆனால் அது நீர் புகாத துணி, அதோடு சேர்ந்த சக் (துளையிடும் பிட்டைப் பிடிக்கும் முனை) தனியாக ஆட்டோகிளேவில் போகும். ட்ரில்லையே 121 டிகிரியில் போட்டால் பேட்டரி போச்சு, அதனால்தான் உறை. வாங்குபவர்கள் இதையும் பாருங்கள்: வேகத்தைக் குறைக்க முடிய வேண்டும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே சாக ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்குரூ தளரும். பிட் மட்டும் அறுவைசிகிச்சைக்கானதாக, கூராக இருக்கட்டும். மழுங்கியதை வைத்து அழுத்தாதீர்கள். சலைனை ஊற்றிக்கொண்டே போங்கள். பேட்டரி ட்ரில்லை உறைக்குள் வைப்பவர் ஸ்டெரைல் கையுறைக்காரராக இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் வார்டில் சிரிக்கிறார்கள்.

என் கதை சின்னது. மார்பிலிருந்து நீர் வடிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டை நிரப்பி, நடுவில் கம்பியைச் செருகி, சீழ் பிடித்த எலும்புக்குள் செருகும் ஆணி செய்தோம். இறுகும்போது குழாய் கையில் சுட்டது. குழாயைப் பிளேடால் கீறி உரித்தபோது ஆணி வழவழவென்று முழுசாக வந்தது.

இரவு_ஷிஃப்ட்
உங்கள் ட்ரில் சண்டை நடக்கட்டும். கையுறை விரலை வெட்டி, சுருட்டிவிட்டு, நோயாளியின் விரலில் டூர்னிகேயாக (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் கட்டாக) போடுவோமே, அது. வேறிடத்தில் நகம் எடுத்துவிட்டு வந்தவருக்குக் கட்டைப் பிரித்தேன். விரல் கருநீலம். அடிப்பகுதியில் தோல் நிறத்திலேயே மெல்லிய ரப்பர் வளையம் சதைக்குள் புதைந்திருந்தது. "வலிக்கவே இல்லை, மரத்துப்போச்சு சிஸ்டர்" என்றார் அவர். இப்போது நான் அதில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை (ரத்தக்குழாயைக் கவ்வும் இடுக்கியை) கடிக்க விட்ட பிறகுதான் டாக்டரிடம் கத்தியைக் கொடுக்கிறேன். ஃபோர்செப்ஸ் தொங்கினால் கட்டுப் போட முடியாது.