பைட்டர் (சண்டை மீன்) ஆண் சாப்பிடாமல் மெலிகிறது, குஞ்சுகளிடமிருந்து பிரிக்கலாமா?

கிளிநொச்சிப் பொடியன்:
வணக்கம். சோடி விட்ட பைட்டர் முட்டை போட்டுவிட்டது. பெண்ணை அன்றைக்கே எடுத்துவிட்டேன். இப்போது குஞ்சு பொரித்துவிட்டது. ஆண் நுரைக்கூட்டுக்குக் கீழேயே நிற்கிறது. விழுகிற குஞ்சைக் கவ்விக் கொண்டுபோய் நுரையில் துப்புகிறது, உடைந்த குமிழிகளைத் திரும்ப ஊதுகிறது. இரவு பகலாக இதுதான் வேலை. தீன் போட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. வயிறு ஒட்டி, நிறமும் மங்கிவிட்டது. நோயா?

முறிகண்டி மீன்தொட்டி:
உடனே எடுத்து வேறு தொட்டியில் விடுங்கோ, செத்துப்போகும்.

குளத்தடி:
அவசரப்பட வேண்டாம் தம்பி. நோய் என்றால் செட்டையை ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். உங்கள் மீன் விழுகிற குஞ்சை விடாமல் பிடிக்கிறது என்றால் அது பிள்ளை வளர்த்து மெலிந்த மெலிவு.

காவல் நிற்கிற ஆணுக்கு இரண்டு பக்கமும் அடி. வேலைக்குச் சத்து எரிகிறது. கூட்டை விட்டு இரை தேடவும் போக முடியாது. முன்பு தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஓட்டம். ஸ்டிக்கிள்பேக் என்ற குளிர்நாட்டு மீனிலும் ஆண்தான் தாய். முட்டைக்குச் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும், தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் இன்னும் வேகமாக விசிறும். வட அமெரிக்காவின் ஸ்மோல்மவுத் பாஸ் ஆண் இரவிலும் ஓயாது. பைட்டருக்கு அந்த விசிறுகிற வேலை இல்லை, முட்டை தண்ணீரின் மேல்மட்டத்தில் நுரைக்குள் இருக்கிறதே! ஆனால் குஞ்சு பொறுக்குகிற வேலை அதன் முதுகை முறித்துவிடும்.

கையிருப்பு தீர்ந்தால் சில ஆண்கள் தங்கள் முட்டையையே தின்னும். மீதியைக் காக்கத் தெம்பு வேண்டும் என்பதற்காக என்று ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அதனால் ஒன்றிரண்டு நுளம்புக் குடம்பி போட்டுப் பாருங்கள். தொடாவிட்டால் குடம்பியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் கெட்டால் குஞ்சும் போய்விடும்.

குஞ்சுகள் வாலைத் தொங்கப் போடாமல் கிடையாக நீந்தத் தொடங்கியதும் ஆணை எடுங்கள். பொரித்து இரண்டு மூன்று நாளில் அது நடக்கும், இந்தச் சோளக வெக்கையில் இன்னும் சுருக்காகவே நடக்கலாம். அதற்குப் பிறகு விட்டுவைத்தால் குஞ்சை இரை என்று நினைத்துவிடும்.

மாங்குளம் அக்கா:
குடம்பிக்கென்று வாளியைத் திறந்து வைக்காதீர்கள் தம்பி, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கண்டால் வழக்குத்தான்! அப்புறம் ஒன்று, குளத்தில் விரால் தன் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு திரிகிற நேரம் தூண்டில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காவலைப் பிடித்தால் கூட்டம் முழுக்க மற்ற மீனுக்குத் தீன்.

கிளிநொச்சிப் பொடியன்:
நன்றி அண்ணா, அக்கா. இன்றைக்கு ஒரு குடம்பியை விழுங்கியது. அடுத்த சோடி இதே ஆணோடு எப்போது விடலாம்?

குளத்தடி:
வயிறு நிரம்பி, நிறம் திரும்பி, தானாகவே நுரை கட்டத் தொடங்கும்வரை விடாதீர்கள். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று தரம் தீன் போடுங்கள். குஞ்சுகளுக்குத் தீனாக நுண்ணுயிர்கள் பெருகிய, வைக்கோல் ஊறிய தண்ணீரை இப்போதே தயார் பண்ணி வையுங்கள், நீந்தத் தொடங்கியதும் பசிக்கும்.