ரெகே செட்டுல நயாபிங்கி டிரம்: எதை வாங்கலாம், எப்படி அடிக்கணும்?

கடலோரக்காத்து:
எங்களோடது ரூட்ஸ் ரெகே (பழைய பாணி ஜமைக்கா ரெகே) பேண்டு. டிரம் கிட், பேஸ் கிடார், கிடார், கீபோர்டு இருக்கு. டிசம்பர்ல பெசன்ட் நகர் மேடையில ரெண்டு பாட்டுக்கு நயாபிங்கியோட (ஜமைக்கா ராஸ்தாஃபாரி மதத்துக்காரங்க வழிபாட்டுல அடிக்கிற தாளம்) மூணு டிரம்மும் வேணும்: பெரிய பேஸ், மாறாம ஒரே அடி அடிக்கிற ஃபுண்டே, கற்பனை வாசிக்கிற ரிப்பீட்டர். தவில், மிருதங்கம், ஜெம்பே (ஆப்பிரிக்கக் கை டிரம்), எதை வச்சு சமாளிக்கலாம்? இன்னொண்ணு, கிட்டோட சேர்ந்தா ஒரே குழப்பமா கேக்குது. ஏன்?

தாளக்கட்டு:
குழப்பம் முதல் எண்ணிக்கையில இருக்கு. ஒன் டிராப்ல (ரெகேயில கிட் அடிக்கிற அடிப்படைத் தாளம்) நாலு எண்ணிக்கையில கிக், அதாவது காலால அடிக்கிற டிரம், மூணுலதான் விழும், ஒண்ணு காலி. நயாபிங்கி பேஸ் டிரம் ஒண்ணுல திறந்த அடி, மூணுல அமுக்கின அடி. ரெண்டையும் ஒண்ணா போட்டா அந்தக் காலி போயிடும். டிரம்மரை கிக்கை விட்டுட்டு ஹை-ஹாட் தட்டும் ஸ்னேர் டிரம்மோட விளிம்பும் (ரிம்) மட்டும் அடிக்கச் சொல்லுங்க.

ஃபுண்டேவுக்கு 'தகதிமி தகஜுனு' சொல்லிப் பாருங்க. ரெண்டு 'தக'வுக்கும் அடி. 'திமி', 'ஜுனு' மௌனம். கிடாரோட ஸ்கேங்க் (வெட்டி அடிக்கிற கார்டு) 'தி', 'ஜு' மேல விழும், அதாவது ஃபுண்டே விட்ட இடத்துல. மெட்ரோனோம் 65ல வச்சு, க்ளிக் ஒவ்வொரு 'தக'வோட 'த'வுலயும் வரட்டும். நம்மாளுங்க கை சும்மா இருக்காது, 'திமி'ல ஒரு சின்ன உருட்டு போடுவாங்க. அதோட ஃபுண்டேவோட 'தக, தக'ங்கிற இதயத்துடிப்பு செத்துது. கற்பனையெல்லாம் ரிப்பீட்டருக்கு மட்டும்தான், அதுவும் பாடுறவர் மூச்சு விடுற இடத்துல.

தோல்கருவி:
மிருதங்கம் வேண்டாம். வலந்தலையில (வலது பக்கத் தோல்) இருக்கிற கறுப்புச் சாதம் சுருதி பேசும், பேஸ் கிடாரோட மோதும். தவில் வலந்தலை ரொம்ப விறைப்பு, கூடு போட்ட விரல் வேற, எல்லாத்தையும் கிழிச்சுக்கிட்டு மேல வரும். ஃபுண்டேவுக்குத் தோலைத் தளர்த்தின கோங்கா (உயரமான கியூபா கை டிரம்), ரிப்பீட்டருக்கு ஜெம்பே. பேஸுக்கு பேண்டு வாத்தியக்காரங்க வச்சிருக்கிற 24 இல்லேன்னா 26 இஞ்ச் டிரம் போதும். குச்சி முனையில டென்னிஸ் பந்தைச் செருகி, பழைய பெட்ஷீட் துணியை நாலு சுத்து சுத்தித் தைங்க. மூணாவது எண்ணிக்கைக்கு இன்னொரு கையால தோலை அமுக்கிட்டு அடிக்கணும்.

டிசம்பர் கடக்காத்துல ஆட்டுத்தோல் தொய்ஞ்சுடும். பறைக்கு வைக்கோல் தீ காட்டுற மாதிரி இதுக்கும் சூடு வேணும். ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளி, ஒரே இடத்துல நிறுத்தாம சுத்திச் சுத்திக் காட்டுங்க. ஈரத்துல தொய்ஞ்ச தோலை முறுக்கி ஏத்திட்டு அப்படியே ஏசி ரூமுக்குக் கொண்டுபோனா காய்ஞ்சு இழுத்துக் கிழியும். மேடை முடிஞ்சதும் தளர்த்திடுங்க. பேஸுக்கு பிளாஸ்டிக் தோல் போட்டாலும் நஷ்டமில்ல, ரிப்பீட்டருக்குப் போடாதீங்க.

கடலோரக்காத்து:
நன்றிண்ணா. ஜெம்பே தோல் மாத்த பெரியமேட்டுத் தோல் கடையில வாங்கிக்கலாமா?

தோல்கருவி:
பதனிட்ட தோல் உதவாது தம்பி, 'தொப்பு'னுதான் கேக்கும். பச்சைத் தோலைக் காயவச்சதுதான் வேணும். மயிலாப்பூர்ல மிருதங்கம் மூட்டுறவங்களைக் கேளுங்க.

பழையதட்டு:
போஸ்டர்ல 'ஆப்பிரிக்கத் தாளம்'னு போடுற எண்ணம் இருந்தா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நயாபிங்கிங்கிற பேரு உகாண்டா, ருவாண்டா பக்கத்துது. தாளம் அங்கேர்ந்து வந்ததில்ல. மூணு டிரம் அமைப்பு ஜமைக்காவுல கிளாரெண்டன் பக்கத்து புர்ரு மரபு. அதை புர்ரு கலைஞர்கள்கிட்ட கத்துக்கிட்டு ராஸ்தாக்களோட பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜமைக்கா டிரம் கலைஞர் கவுண்ட் ஆசி. ஜமைக்காவோட செயின்ட் தாமஸ் பக்கத்து குமினா வேற மரபு, காங்கோ மக்கள் வழி வந்தது. அதுல டிரம்மைப் படுக்கவச்சு மேல உக்காந்து, குதிகாலால தோலை அமுக்கி சுருதி மாத்துவாங்க. புர்ருவையும் குமினாவையும் ஒண்ணுன்னு எழுதிடாதீங்க.

கவுண்ட் ஆசி குழுவோட 1973 'கிரவுனேஷன்', மூணு எல்பி. ஹெட்ஃபோன்ல ஃபுண்டேவை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒரு பக்கம் முழுசா கேளுங்க, அப்புறம் ரிகர்சல்.