17-ஆம் எண் சௌபர் பொம்மைக் காடி: எந்த வருசத்தது? எஞ்சின் நம் நாட்டுடையதா?

செந்தூல்_குமரன்:

வணக்கம். போன ஞாயிறு அம்கார்ப் மால் பழைய பொருள் சந்தையில் ஒரு பந்தயக் காடி பொம்மை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, நிஜக் காடியில் 43-இல் ஒரு பங்கு (1/43). ஃபார்முலா 1 (எஃப்1) பந்தயத்தில் ஓடிய சுவிஸ் அணி சௌபரின் கருநீலக் காடி, பக்கவாட்டில் நம் மலேசிய எண்ணெய் நிறுவனம் பெட்ரோனாஸின் பெயர். 60 வெள்ளி சொன்னார்கள், பேசி 45-க்குக் குறைத்தேன். பெட்டியும் இல்லை, அடிப்பலகையும் இல்லை. அதனால் ஆண்டும் ஓட்டுநர் பெயரும் தெரியவில்லை. மூக்கில் 17 என்ற எண் மட்டும் இருக்கிறது. தேடிப் பார்த்தால் மூன்று வெவ்வேறு வருசங்களில் 17-ஆம் எண்ணோடு நீலச் சௌபர் ஓடியிருக்கிறது.

எங்கள் மாமா பார்த்த உடனே "நம்ம நாட்டு எஞ்சின் போட்ட காடிடா இது" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா? அப்புறம், இந்த அணி செய்த காடிகளில் எதை நல்ல காடி என்பீர்கள்? நான் பந்தயம் பார்க்க ஆரம்பித்த காலத்தில் கடைசி வரிசையில்தான் இவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொடிக்கார_அண்ணன்:

தம்பி, முதலில் டயரைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் 1997-இன் காடி, சி16 என்று பெயர். அந்த வருசம் 17-ஆம் எண்ணில் லரினி, மோர்பிடெல்லி, ஃபொன்டானா என்று மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். டயரில் நீளவாட்டில் கோடு வெட்டியிருந்தால் 1997 இல்லை. 1998-இல்தான் கோடு போட்ட டயர் வந்தது. அப்போது மிச்சம் இரண்டு பேர்: 2000-இல் மிக்கா சாலோ, 2001-இல் கிமி ரைக்கோனன்.

அடுத்து, கிரெடிட் சுவிஸ் என்ற எழுத்து எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா? அந்த வங்கி 2001-இல்தான் வந்தது. எழுத்து தேய்ந்து போயிருந்தால் காடியைத் தலைகீழாகப் பிடித்து மூக்குக்கு அடியில் பாருங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு சின்னத் துடுப்புகள் தொங்கி, முன்சக்கரத்தின் கீழ்க் கம்பிகள் தனித்தனியாக அவற்றில் மாட்டியிருந்தால் அது 2001-இன் சி20. நடுவில் இடம் விட்டால் காற்று தடையில்லாமல் காடியின் அடிக்குப் போகும் என்று செர்ஜியோ ரின்லாந்து வரைந்த அமைப்பு. அடுத்த வருசமே மக்லாரனும் அதைப் போட்டது.

உங்களுடையது சி20 என்றால் 45 வெள்ளி கொள்ளை மலிவு. அதற்கு முன் கிமி ஓட்டியிருந்த காடிப் பந்தயங்கள் வெறும் 23. இவனுக்கா எஃப்1 ஓட்ட உரிமம் என்று பெரிய பெரிய ஆட்களே முணுமுணுத்தார்கள். மெல்பர்னில் முதல் பந்தயத்திலேயே ஆறாவதாக வந்தான். அணித்தோழன் ஹைட்ஃபெல்டும் அவனுமாகச் சேர்ந்து 21 புள்ளி எடுத்து, அணியை நான்காம் இடத்தில் நிறுத்தினார்கள். செப்பாங்கில் மட்டும் இரண்டு காடியும் முடிக்கவில்லை, அதை விடுங்கள்.

மாமா விசயத்துக்கு வருகிறேன். எஞ்சின் மூடியில் எழுதியிருந்தது பெட்ரோனாஸ், உள்ளே இருந்தது ஃபெராரி. 1997-இல் போட்டது ஃபெராரி 1996-இல் ஓட்டிய வி10, அதாவது பத்து சிலிண்டர் எஞ்சின். செலவு பெட்ரோனாஸ் உடையது, அதனால் பெயரும் அவர்களுடையது. வெறும் ஒட்டுத்தாள் என்றும் சொல்லிவிட முடியாது. சௌபர் பெட்ரோனாஸ் எஞ்சினியரிங் என்று ஒரு நிறுவனமே தொடங்கி, ஹோண்டாவிலும் ஃபெராரியிலும் வேலை பார்த்த ஒசாமு கோட்டோவை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த அணியின் கதையே இதுதான். உடம்பு அவர்களுடையது, எஞ்சின் யாரோ ஒருவருடையது. பீட்டர் சௌபர் 1970-இல் அப்பா அம்மா வீட்டு அடித்தளத்தில் கட்டியது சி1. அந்த 'சி' அவர் மனைவி கிறிஸ்டியானின் முதல் எழுத்து. 1983-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் பத்து இடத்தில் ஒன்பது போர்ஷே, ஒன்பதாம் இடத்தில் மட்டும் பிஎம்டபிள்யூ எஞ்சின் வைத்த சௌபர் சி7. போர்ஷே அந்தப் பட்டியலையே சுவரொட்டியாக அடித்து, குறையில்லாதவர் யாருமில்லை என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டது. அந்த ஒற்றைக் குறை நம் ஆள்தான்!

அப்புறம் மெர்சிடிஸ் வந்தது. 1988-இல் பயிற்சியில் டயர் வெடித்ததும் பந்தயமே வேண்டாம் என்று லெ மான்ஸிலிருந்து திரும்பிவிட்டார்கள். மறு வருசம் அதே சி9-க்கு வெள்ளிச் சாயம் அடித்துக் கொண்டுவந்தார்கள். ஐந்து லிட்டர் வி8, இரட்டை டர்போ. லெ மான்ஸின் நீண்ட முல்சான் நேர்பாதையில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் போடாத காலம், தகுதிச் சுற்றில் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தொட்டது. முதலிடம், இரண்டாமிடம், ஐந்தாமிடம். என்னைக் கேட்டால் சுவிட்சர்லாந்தின் ஹின்வில் ஊரில் உள்ள அவர்கள் பட்டறையில் செய்ததில் அதற்கு மேல் ஒன்றில்லை.

1993-இல் கறுப்பு சி12-உடன் எஃப்1-க்குள் வந்தார்கள். கியாலாமியில் முதல் பந்தயத்திலேயே லெட்டோ ஐந்தாவது. மெர்சிடிஸ் 1994 வரை கூட இருந்துவிட்டு மக்லாரனுக்குப் போய்விட்டது. இரண்டு வருசம் ஃபோர்டை வைத்து ஓட்டினார்கள். அதன் பிறகுதான் பெட்ரோனாஸ் பெயர் போட்ட எஞ்சின்.

பட்டர்வொர்த்_சேகர்:

அண்ணே, பினாங்குக்காரன் ஒருத்தன் குறுக்கே வருகிறேன். சி9 எல்லாம் சரி, அணி பிஎம்டபிள்யூ கையில் இருந்தபோது 2008-இல் ஓடிய எஃப்1.08-ஐ எங்கே விட்டீர்கள்? அணிக்கு எஃப்1-இல் கிடைத்த ஒரே வெற்றி அந்தக் காடியில்தான். 2008 மான்ட்ரியல், குபிட்சா முதல், ஹைட்ஃபெல்ட் இரண்டாவது. அன்றைக்கு அதில் பெட்ரோனாஸ் பெயரும் இருந்தது.

மாமாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள் குமரன். அதே சௌபர் பெட்ரோனாஸ் நிறுவனம் 989 சிசி மூன்று சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று செய்தது. பிறகு அதிலிருந்துதான் பைக் பந்தய வீரர் ஃபாகார்ட்டியின் அணி ஓட்டிய எஃப்பி1 மோட்டார் சைக்கிள் வந்தது, சூப்பர்பைக் விதிக்காக 900 சிசிக்குக் குறைத்து. "நம்ம எஞ்சின்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்த வேண்டுமென்றால் அதைச் சொல்லி நிமிர்த்தட்டும்.

செந்தூல்_குமரன்:

நாலு சக்கரத்திலும் கோடு இருக்கிறது. கிரெடிட் சுவிஸ் பாதி தேய்ந்திருந்தாலும் படிக்க முடிகிறது. துடுப்பும் இரண்டு. கிமியேதான்! ரொம்ப நன்றி அண்ணே. எழுத்துகளின் மேல் பிசுபிசு என்று ஏதோ ஒட்டியிருக்கிறது, சாயம் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

ரவாங்_மலர்:

ஐயோ தின்னர் வேண்டாம், ஒட்டுத்தாளோடு சாயமும் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சி. எழுத்தின் ஓரத்தில் தேய்க்காமல் மேலே ஒற்றி ஒற்றி எடுங்கள்.

கொடிக்கார_அண்ணன்:

மலர் சொன்னபடியே செய்யுங்கள்.

சேகர், எஃப்1.08 நல்ல காடிதான், மறுக்கவில்லை. எனக்கு அதன் மேல் ஒரு கோபம் உண்டு. கனடா முடிந்தபோது குபிட்சாதான் ஓட்டுநர் புள்ளிப் பட்டியலில் முதல். அந்த நேரம் பார்த்து பிஎம்டபிள்யூ முழுக் கவனத்தையும் 2009 காடியின் மேல் திருப்பியது. அந்த 2009 காடி சோடை போனது, ஜூலையிலேயே கடையைக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பீட்டர் சௌபர் அணியைத் திரும்ப வாங்கி, 2010-இல் விளம்பரமே இல்லாத வெள்ளைக் காடியாக சி29-ஐ இறக்கினார். பெட்ரோனாஸ் அதற்குள் மெர்சிடிஸ் பக்கம் போயாயிற்று.

இதில்தான் வேடிக்கை. 2012-இல் செப்பாங்கில் நான் 14-ஆம் வளைவில் கொடி பிடித்துக்கொண்டு நின்றேன். மழை கொட்டி, பந்தயத்தை நிறுத்தி, மறுபடியும் தொடங்கிய நாள். மழைச் சட்டைக்குள் வியர்வை, காலணிக்குள் தண்ணீர். பாதை காயக் காய பெரேஸ் ஓட்டிய சௌபர் சி31 ஒவ்வொரு சுற்றிலும் முதலில் ஓடிய அலோன்சோவை நெருங்கிக்கொண்டே வந்தது. முடிய ஆறேழு சுற்று இருக்கும்போது என் கண்முன்னால்தான் அகலமாகப் போய், ஈர ஓரத்தை மிதித்து, தட்டுத்தடுமாறிப் பாதைக்குத் திரும்பினான். இரண்டாவதாகத்தான் முடித்தான், இரண்டேகால் விநாடி பின்னால். பெட்ரோனாஸ் பெயர் போட்ட மெர்சிடிஸில் ஷூமாக்கர் அன்றைக்குப் பத்தாவது. பெட்ரோனாஸ் கோபுரத்துக்காரர்கள் விட்டுவிட்டுப் போன அணி அவர்கள் வீட்டு வாசலிலேயே ஜெயித்திருக்கும். பக்கத்தில் நின்ற பையன் ஓட்டுநரைத் திட்டினான், நான் ஈரத்தைத் திட்டினேன்.

பிற்காலத்தில் ஆல்ஃபா ரோமியோ என்று பெயர் மாறியபோதும் உள்ளே ஃபெராரிதான். 2019 முதல் மூன்று வருசம் கிமியும் திரும்பி வந்து ஓட்டினான். 2026-இலிருந்து ஆடி, எஞ்சினும் ஆடியே செய்கிறது.

செந்தூல்_குமரன்:

இதையெல்லாம் படித்ததும் சி9 பொம்மை மேல் ஆசை வந்துவிட்டது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொடிக்கார_அண்ணன்:

எண்ணைப் பாருங்கள். 1989 லெ மான்ஸில் மூன்று சி9 ஓடின: 61, 62, 63. ஜெயித்தது 63, ஓட்டியவர்கள் மாஸ், ராய்ட்டர், டிக்கென்ஸ். 61 இரண்டாவது, 62 ஐந்தாவது. சந்தையில் மூன்றையும் "லெ மான்ஸ் வின்னர்" என்று சொல்லி ஒரே விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். 63 என்றால் கேட்ட விலையைக் கொடுங்கள், மற்ற இரண்டுக்கும் நன்றாகப் பேரம் பேசுங்கள். கறுப்பில் கிடைத்தால் அது வெள்ளிச் சாயம் அடிப்பதற்கு முந்தைய 1988 காடி. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வாங்காமல் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.