கொற்கை எப்படி காணாம போச்சு?

போன வாரம் ஏரல்ல ஒரு கல்யாணம், அப்படியே கொற்கைக்கும் போனோம். பாண்டியர் துறைமுகம், முத்துக்குப் பேர் போன ஊருன்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான் மனசுல இருந்துச்சு, ஆனா அங்க சுத்திலும் வாழை, வயல், ஒரு பெரிய குளம் அவ்ளோதான், கடலையே காணோம். பூம்புகார் மாதிரி கடல் கொண்டு போயிடுச்சா, இல்ல போர்ல அழிஞ்சுதா? வர்ற வழியெல்லாம் இதே நெனப்பு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
கடல் கொள்ளலைங்க, கடல்தான் விலகிப் போச்சு. தாமிரபரணி வெள்ளத்துக்கு வெள்ளம் கொண்டு வந்து தள்ளுன வண்டல் முகத்துவாரத்துல படிஞ்சு படிஞ்சு கரை கிழக்கால நகர்ந்துட்டே போயி இப்ப கடல் 6, 7 கிலோமீட்டர் தள்ளி கெடக்கு. தோணி வராத எடத்துல வியாபாரி எப்படி இருப்பான், எல்லாம் கீழ காயலுக்குப் போயிட்டாங்க. 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோ வந்தது அந்தக் காயலுக்குத்தான், அரபு நாட்டுக் குதிரை வந்து எறங்குன துறை. அப்புறம் அதுவும் தூந்து போயி, போர்ச்சுகீசியர் காலத்துல தூத்துக்குடி கை ஓங்குச்சு. ஒரே நாள்ல அழிஞ்ச ஊரு இல்ல இது.

பதில் 2:
எங்க அம்மா ஊரு அந்தப் பக்கந்தான். சின்ன வயசுல தோட்டத்துல கிணறு தோண்டயில மண்ணோட சிப்பியும் சங்குத் துண்டும் வரும், கழுவிப் பார்த்தா உள்பக்கம் இன்னும் மினுமினுன்னு இருக்கும். "இது கடலு கெடந்த எடம்லே"ம்பாரு தாத்தா. 1870கள்லயே கால்டுவெல் இங்க தோண்டிப் பார்த்திருக்காரு. 1968-69ல தொல்லியல் துறை தோண்டுனப்ப கெடச்ச கரித்துண்டோட காலம் சுமார் கி.மு. 785ன்னு வந்துச்சு.

குளத்தைப் பார்த்தீங்க சரி, அங்க இருக்க அம்மன் கோயிலைப் பாக்கலையா? பாண்டிய ராஜா வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு எடுத்த கோயில்னு ஊர்ல சொல்லுவாங்க. அக்கசாலைப் பிள்ளையார் கோயிலும் இருக்கு. அக்கசாலைன்னா காசு அடிக்கிற பட்டறை, பட்டறை இருந்த தடம் போயிடுச்சு, பேரு மட்டும் பிள்ளையார்கிட்ட தங்கிடுச்சு.

பதில் 3:
ஐங்குறுநூறுல கொற்கைத் துறையைச் சொல்றப்ப, உப்பங்கழியில செவப்பு இறாலைப் பறவைக் கூட்டம் மேயுறதா வரும். நீங்க வாழை பார்த்த எடம் அந்தக் கழியாக்கூட இருக்கலாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அம்மன் கோயில் வாசல்லதான் வண்டியை நிப்பாட்டி தண்ணி குடிச்சோம், உள்ள போகாம வந்துட்டோமேன்னு இருக்கு. பொங்கல் லீவுல பிள்ளைகளையும் கூட்டிட்டு மறுபடி போறேன்.