சூப்பர்கொலைடர்: பஃபரில் ஏற்றிய ஒலி சுருதி ஏறி ஒலிக்கிறது

கேள்வி:
சூப்பர்கொலைடரில் (நிரல் எழுதி ஒலி உருவாக்கும் மென்பொருள்) 44100 ஹெர்ட்ஸில் பதிந்த ஸ்டீரியோ கோப்பை பஃபரில் (ஒலியை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) ஏற்றி, பஃபரை ஒலிக்கச் செய்யும் பிளேபஃப் வழியாக ரேட் (இயக்கும் வேகம்) 1 வைத்து இயக்குகிறேன். சர்வர், அதாவது ஒலியைக் கணக்கிடும் பகுதி, 48000-இல் ஓடுகிறது. சுருதி ஒன்றரை செமிடோன் அளவுக்கு ஏறிவிடுகிறது. லூப் திரும்பும் இடத்தில் 'டிக்' சத்தமும் வருகிறது. எங்கே தவறு?

பதில் 1:
ரேட் 1 என்றால் சர்வரின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் பஃபரில் ஒரு ஃப்ரேம் (ஒரே கணத்துக்கு உரிய எல்லா சேனல் சாம்பிள்களும்) நகரும். கோப்பின் சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை சாம்பிள்) அது பார்ப்பதே இல்லை. 48000-ஐ 44100-ஆல் வகுத்தால் சுமார் 1.088. நீங்கள் கேட்கும் ஒன்றரை செமிடோன் அதுதான். ரேட்டை பஃப்ரேட்ஸ்கேலால் (பஃபரின் சாம்பிள் ரேட்டை சர்வரின் ரேட்டால் வகுத்த மதிப்பு) பெருக்குங்கள், சரியாகிவிடும். பிளேபஃபுக்குத் தரும் முதல் மதிப்பான சேனல் எண்ணிக்கை 2 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். சேனல் எண்ணிக்கை பஃபரோடு பொருந்தியே ஆக வேண்டும்.

பதில் 2:
'டிக்' வருவது கடைசி சாம்பிளின் மதிப்பும் முதல் சாம்பிளின் மதிப்பும் ஒட்டாததால். கடைசி 441 ஃப்ரேம்களை, அதாவது 10 மில்லிசெகண்டை, தொடக்கத்தோடு கிராஸ்ஃபேட் செய்து (ஒன்று மெல்லத் தணிய மற்றது மெல்ல எழுமாறு கலந்து) புதிய பஃபராக வையுங்கள். பூச்சியக் கடப்பில் (அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில்) வெட்டுவது மட்டும் போதாது. அலையின் சாய்வும் ஒத்துப்போக வேண்டும்.

கேட்டவர்:
சுருதி சரியாகிவிட்டது, நன்றி. லூப் புள்ளிகளை மாற்ற, பிளேபஃபுக்குப் பதிலாக ஃபேசரும் (இடத்தை எண்ணிச் சொல்வது) பஃப்ஆர்டியும் (அந்த இடத்தில் பஃபரைப் படிப்பது) போடலாமா?

பதில் 1:
தாராளமாக. பஃப்ஆர்டியின் இன்டர்போலேஷனை (ஃப்ரேம்களுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணிக்கும் முறை) 4 ஆக வையுங்கள். நீளமான கோப்பில் மட்டும் கவனம்: இடத்தைச் சொல்லும் சிக்னல் 32 பிட் ஃப்ளோட் (துல்லியத்துக்கு வரம்புள்ள தசம எண் வடிவம்). 16777216 ஃப்ரேமைத் தாண்டினால் அடுத்தடுத்த ஃப்ரேம்களைப் பிரித்துச் சுட்ட முடியாது. 44100-இல் அது ஆறு நிமிடம் 20 வினாடி. பிளேபஃபுக்கு இந்தச் சிக்கல் இல்லை.