பிள்ளை பார்க்கிற அக்காவிடம் வேறு என்னென்ன வேலை சொல்லலாம்?

வேளச்சேரி_அம்மா:
மூத்தவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்கு ஒன்பது மாதம். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்தபின் மூன்று மாதம் மாமியார் இருந்து பார்த்துக்கொண்டார். போன வாரம் மதுரைக்குக் கிளம்பிவிட்டார். இப்போது ஒரு அக்கா காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை இருக்கிறார். சம்பளம் 18,000, ஞாயிறு லீவு.

பேசி முடிக்கும்போது "பிள்ளைங்களைப் பார்த்துக்கணும், அப்புறம் சின்னச் சின்ன வேலை" என்று சொல்லித் தொலைத்தேன். முதல் நாள் பால் பாட்டில் கழுவச் சொன்னேன். மறுநாள் துணி மடிக்க. நேற்று, "மதியத்துக்கு ஒரு ரசம் மட்டும் வச்சுடுங்கக்கா" என்று வாயில் வந்துவிட்டது. வைத்தார், நன்றாகவும் இருந்தது. ஆனால் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பெருக்கித் துடைக்க, பாத்திரம் தேய்க்க வேறு ஆள் வருகிறார். இருந்தும் மாமியார் போனில், "அவன் தூங்குற ரெண்டு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கா?" என்கிறார். எதுவரை கேட்கலாம்?

இரட்டையர்_அம்மா:
ரசத்தை விடுங்கள், முதலில் துணி துவைப்பதைச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான் சொல்லித்தான் ஆயா பாத்ரூமில் துணி ஊறவைத்தார். கொடியில் போட பால்கனிக்குப் போன நேரத்தில் பத்து மாதப் பிள்ளை தவழ்ந்து போய் பக்கெட்டைப் பிடித்து எழுந்து நிற்கிறது! அந்த வயதில் தலைதான் கனம். உள்ளே விழுந்தால் சாண் தண்ணீர்கூட வேண்டாம். தப்பித்தது புண்ணியம். தப்பு ஆயா மேல் இல்லை.

அன்றிலிருந்து பிள்ளையைச் சுற்றிய வேலை மட்டும்தான். பாட்டில் கழுவி வெந்நீரில் கொதிக்கவைப்பது, சாதம் குழைத்து ஊட்டுவது, பிள்ளைத் துணியை மடிப்பது, விளையாட்டுச் சாமானை எடுத்துவைப்பது.

நங்கநல்லூர்ப்_பெண்:
என் அம்மா பதினோரு வருடம் இந்த வேலைதான் பார்த்தார். பிள்ளை தூங்கும்போதுதான் அவர் சாப்பிடுவார், காலை நீட்டுவார். பத்து மணி நேர வேலையில் அதையும் எடுத்துக்கொண்டால் சாயங்காலம் பிள்ளையிடம் எரிந்துவிழத்தான் தோன்றும். சமையல் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், தனியாகக் காசு கொடுங்கள். இன்னொன்று, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 2007 முதல் நம் மாநிலத்தில் நலவாரியம் இருக்கிறது. அக்கா பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதிந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

அம்பத்தூர்_அப்பா:
18,000 கொடுக்கிறீர்கள், ஒரு ரசம் கேட்டால் குற்றமா? சின்னவன் தூங்கும்போது மூத்தவளுக்குத் தோசை ஊற்றினால் கை தேய்ந்துவிடாது.

இரட்டையர்_அம்மா:
மூத்தவளுக்குத் தோசை சரிதான் சார். உங்களுக்கும் சேர்த்து ஊற்றும்போதுதான் அது சமையல் வேலை.

வேளச்சேரி_அம்மா:
நேற்று சாயங்காலம் அக்காவை உட்காரவைத்துப் பேசினேன். ரசத்துக்கு முதலில் மன்னிப்பு. பிள்ளைகளின் சாப்பாடு, துணி, பாட்டில் அவர் பொறுப்பு. எங்கள் சமையலை நானே காலையில் முடித்துவிடுவேன். மாமியாரிடம் என் வீட்டுக்காரர் பேசிக்கொள்வார்.

"இதெல்லாம் சரிம்மா, பன்னிரண்டேகாலுக்குப் பெரிய பாப்பா வேன் வருது. தம்பி அப்போ தூங்குறான். யார் கீழே இறங்குறது?" என்று கேட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு வாரமாகத் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்கி ஏறியிருக்கிறார். நான் ரசத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து கீழ்வீட்டு மாமி பாப்பாவை வேனிலிருந்து இறக்கி மேலே கொண்டுவந்து விடுகிறார்.